அழுக்காக்கும் வேலை

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மாமாவின் இடுப்பு நன்றாக இல்லை, அது எப்போதுதான் நன்றாக இருந்தது? நீயும் டீச்சரும் சுகம்தானே? உன் வயிற்றெரிச்சல் குறைந்ததா? வெறும் வயிற்றில் காபியை ஊற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே. கட்டிய பெண்டாட்டி, அந்த டீச்சர் சொன்னால்தான் காதில் ஏறாது, அக்கா சொன்னாலாவது ஏறட்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று டீச்சர் சிரிக்கிறாளாம். போனில் நான் பேசினால் நீ 'ம்... ம்...' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தில் வெறும் 'ம்' போட்டு அனுப்ப முடியாதல்லவா, அதற்குத்தான்.

நீ அனுப்பிய உன் கம்பெனி காலண்டர் வந்து சேர்ந்தது. மாதத்துக்கு ஒரு கரண்ட் கார். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டை விட அழகு. மாமா லாரி ஓட்டிய மனுஷன், சும்மா இருப்பாரா? "சத்தமே போடாத வண்டி வர்றது எப்படித் தெரியும்? முட்டினப்புறம்தான் தெரியும்" என்கிறார். சொல்லிவிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் பிப்ரவரியைப் புரட்டிப் பார்க்கிறார்.

நான் பாட்டில் கழுவும் குடோனில்தான் நிலைமை சரியில்லை. மாமா விபத்தில் படுத்திருந்த நேரத்தில் நீ உன் கம்பெனி ஆட்களோடு குடோனைப் பார்க்க வந்தபோது வீட்டுக்கு மட்டும் தனியாக வந்து, "இங்க வர்ற பழைய பிளாஸ்டிக் பாட்டில்தான்க்கா நூலாகி, துணியாகி, எங்க காருக்கு சீட்டாகப் போகுது, நீ வேலைக்குச் சேர்ந்துக்கோ" என்றாய். சேர்ந்தேன். என்னைப் பார்த்து எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் சேர்ந்தார்கள். இப்போது பாட்டிலே வருவதில்லை. ஊரில் எல்லாக் கம்பெனிக்கும் பழைய பாட்டில்தான் வேண்டுமாம். பழசு புதுசை விட விலை ஏறிவிட்டது என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொள்கிறார். வாரத்தில் பாதி நாள் போய்க் கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிறோம். கேட்டை மூடிவிடுவார்களோ என்று எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? இந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது, அது மட்டும் தெரியும்.

உன் காதில் போட்டு வைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

பாசத்துடன்,
அக்கா

~

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலமாக இருக்கிறோம். வயிறு பரவாயில்லை. காபியை டீச்சர் பிடுங்கி வைத்துவிட்டாள், அதனால் வயிற்றுக்குப் பதில் தலை வலிக்கிறது. மாமாவின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

கவலைப்படாதே. குடோனை யாரும் மூட மாட்டார்கள். இந்த வருடம் எங்களுக்குப் பழைய பாட்டில் துணி இரட்டிப்பாக வேண்டும். புதிதாக ஒரு கார் வருகிறது. இதுவரை சீட்டில் பாதித் துணிதான் பாட்டிலிலிருந்து வந்தது. இதில் முழுக்க முழுக்க அதுதான்.

அக்கா, நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது 'பணக்காரன் கார்தானே' என்று நீ உதட்டைச் சுழித்தாய். வந்து பார்த்தால் மாறிவிடுவாய். தொழிற்சாலைக் கூரை முழுவதும் சூரியத் தகடு. மழை பெய்தால் ஒரு சொட்டு வெளியே போகாது, கார் கழுவிய தண்ணீரையே சுத்தம் செய்து மறுபடி கழுவுகிறார்கள். ஓடித் தேய்ந்த பேட்டரியை எடுத்து ஆஸ்பத்திரிகளுக்கு விளக்கெரிய வைக்கிறார்கள். இதையெல்லாம் வருடா வருடம் அறிக்கையாக எழுதுவதுதான் என் வேலை. இந்த முறை சீட்டைப் பற்றி நான் எழுதிய வரி எங்கள் ஆபீஸ் மேடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது: 'குப்பைமேட்டில் கிடந்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் இந்த இருக்கை ஒரு மறுபிறவி.' உன்னை நினைத்துத்தான் எழுதினேன். நீ கழுவிய பாட்டில் மேல்தான் நாளைக்குப் பெரிய பெரிய மனிதர்கள் உட்காரப்போகிறார்கள்.

சரக்கு வேண்டும் என்று, உங்கள் குடோன் பாட்டிலை வாங்கி நூலாக்கும் மில்லுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். எங்கிருந்தாவது பாட்டில் வரும். பார்த்துக்கொண்டே இரு.

அன்புடன்,
தம்பி

~

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

வயிறு எப்படி? இந்தக் கடிதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படி. சிரித்து வயிறு வலித்தால் நான் பொறுப்பில்லை.

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பாட்டில் வந்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமைகூட ஆள் கேட்கிறார்கள். எப்படி வந்தது என்று கேள். போன மாதக் கடைசியில் ஒரு பெரிய லாரி வந்து நின்றது. பின்கதவைத் திறந்தால் பளபளவென்று பாட்டில், கண்ணாடிக் காகிதத்தில் கட்டுக்கட்டாக. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாதது. மூடிகூடப் போடவில்லை. இடம் மாறி வந்துவிட்டது என்று டிரைவரிடம் சண்டை பிடித்து, இறக்கின கட்டுகளைத் திருப்பி ஏற்றவும் வைத்துவிட்டேன். விசில் ஓடி வந்தான். எங்கள் சூப்பர்வைசரைத்தான் அப்படிச் சொல்வோம். கழுத்தில் தொங்குவதை ஊதாமல் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

"இறக்குங்கக்கா, இறக்குங்க. நமக்கு வந்ததுதான்."

"புதுசை வச்சுக்கிட்டு என்னப்பா பண்றது?"

"பழசாக்கணும்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மேலே பார்த்தான். "மில்லுல இருக்கற மெஷின் அழுக்குப் பாட்டிலுக்குன்னே செஞ்சதுக்கா. சுத்தமானதைப் போட்டா வழுக்கிடும்" என்றான்.

அன்றிலிருந்து இதுதான் வேலை. ஒரு குழு மிதித்து நசுக்கும். ஒரு குழு லேபிள் ஒட்டி, ஒட்டியதைப் பாதி கிழிக்கும். ஒரு குழு மண்ணைக் கரைத்து ஊற்றும். ஆனால் பார்வைக்கு என்னவோ பொய்யாக இருந்தது. எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி அழுக்கு. குப்பையில் கிடந்தது அப்படியா இருக்கும்? நான்தான் சொன்னேன், டீக்கடையில் வீணாகிற டீயை வாங்கிக் கொஞ்சம் சர்க்கரை போட்டு உள்ளே ஊற்றி வெயிலில் போடுங்கள் என்று. மறுநாள் எறும்பு சாரை சாரையாக வந்துவிட்டது. விசில் அசந்துபோனான். "எறும்பே நம்பிடுச்சு, இனி எந்த ஆபீசர் நம்ப மாட்டான்?" என்றான். எனக்குக் 'குழுத் தலைவி' என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். மாமாவிடம் சொன்னேன். விபத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மெஷின் வழுக்கும் என்பது நிஜம்தானே? படித்தவன் நீ, உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வரி எழுது.

பாசத்துடன்,
அக்கா

~

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? என் கடிதம் வந்ததா? பதிலே காணோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. டீச்சருக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கார் அண்ணி, கொஞ்ச நாளா சரியாச் சாப்பிடறதில்ல" என்றாள்.

எல்லாரும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், "உன் தம்பி என்ன சொன்னார், மெஷின் வழுக்குமா?" என்று. வழுக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

அக்கா

~

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். கடிதம் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அறிக்கை அச்சுக்குப் போகிற நேரம், மூச்சு விட நேரமில்லை. வயிறு மறுபடி தொந்தரவு செய்கிறது. டாக்டர் காரம் கூடாது என்கிறார், புளிப்பு கூடாது என்கிறார், கவலை கூடாது என்கிறார். முதல் இரண்டையும் விட்டுவிட்டேன். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மாமா பகலில் வெளியே நடக்க வேண்டாம்.

உங்கள் ஊர்த் துணிக்கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று முன்பு சொன்னாயே, இன்னும் கேட்கிறார்களா? நிழலில் பார்க்கிற வேலை, உனக்கும் நல்லதுதான்.

நீ எழுதிய மற்ற விஷயத்தை வேறு யாரிடமும் பேச வேண்டாம். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். தப்பாக நினைக்காதே.

அன்புடன்,
தம்பி

~

மே 3

தம்பிக்கு,

மாமா சுகம். நான் சுகம். உன் வயிறு ஏன் வலிக்கிறது என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏன்டா, நான் கேட்டது மெஷினைப் பற்றி. நீ எழுதியது வெயிலைப் பற்றி. கடிதத்திலும் 'ம்' போட முடியும் என்று காட்டிவிட்டாய், கெட்டிக்காரன். அக்காவிடமே மென்று முழுங்கினால் பிறகு யாரிடம்தான் வாய் திறப்பாய்?

துணிக்கடைக்குப் போ என்கிறாய். நான் போய்விடுவேன். சிரிப்பு எங்கே போவாள்? எதிர் வீட்டுக்காரி, எதற்கெடுத்தாலும் சிரிப்பவள், உனக்குத் தெரியுமே. புருஷன் போன பிறகும் சிரித்துக்கொண்டேதான் இந்த வேலைக்கு வந்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரி எங்கே போவாள்? என்னை நம்பித்தானே எல்லாரும் தெருவைத் தாண்டினார்கள்.

விசில் சொன்ன கதையை அவன் சொல்லும்போதே நான் நம்பவில்லை. அவனாலேயே என் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையே. ஆனால் நீ 'ஆமாம் அக்கா' என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். அதற்காகத்தான் கேட்டேன்.

நேராகவே கேட்கிறேன். புத்தம் புதுசை வாங்கி, மிதித்து, அழுக்காக்கி, எறும்பு ஏற்றி, அப்புறம் அதைக் கழுவி நூலாக்குவதற்குப் பெயர்தான் பூமியைக் காப்பாற்றுவதா? இது உங்கள் கம்பெனிக்குத் தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா? தெரிந்தால் என்ன ஆகும்?

அக்கா

~

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எங்கே போனாலும் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போகிறேன். இந்த முறை கிழிக்கவில்லை.

மெஷின் வழுக்காது. கம்பெனிக்குத் தெரியாது. மில் எங்களை ஏமாற்றுகிறது, குடோன் முதலாளி மில்லுக்குத் துணைபோகிறார். நாங்கள் 'இரட்டிப்பாகக் கொடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம்' என்று நெருக்கினோம். ஊரில் இல்லாத பழசை அவர்கள் எங்கிருந்து கொண்டுவருவார்கள்? செய்துவிட்டார்கள்.

போன மாதம் மேடத்திடம் பட்டும் படாமலும் பேசிப் பார்த்தேன். மேடம் கெட்டவர் இல்லை, அக்கா. அறிக்கையில் ஒரு எண் தவறினால் எனக்கு முன்னால் அவர்தான் பதறுவார்.

"மேடம், ஏதாவது ஒரு இடத்துல புதுப் பாட்டிலைப் பழசுன்னு காட்டறாங்கன்னு தெரிஞ்சா நாம என்ன செய்வோம்?"

"எந்த இடம்?"

"சும்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

"பேச்சுக்குன்னா பதில் இதுதான். பேரைச் சொன்னா அந்த வாரமே அந்த இடத்தை வெட்டி விட்டுடுவோம். நம்ம விதி அப்படி."

"வெட்டாம, கூட இருந்து சரி பண்ண வழி இல்லையா மேடம்? அங்க வேலை செய்யறவங்க..."

"சரி பண்றதுக்கு நம்மகிட்ட விதி இல்லப்பா. வெட்டறதுக்குத்தான் இருக்கு." கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "பேர் தெரியும்னா இப்பவே சொல்லிடு. தெரியாதுன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது. எது?"

"தெரியாது மேடம்" என்றேன்.

அந்த விதியை எழுதியபோது நானும் அந்த அறையில் இருந்தேன். 'ஏமாற்றுபவர்களுக்கு இடமில்லை' என்ற தலைப்பு நான் வைத்தது. அப்போது ஏமாற்றுபவன் என்றால் யாரோ ஒரு தடியன் என்றுதான் நினைத்தேன். அந்த வார்த்தைக்குள் நீயும் சிரிப்பும் வருவீர்கள் என்று யார் கண்டது?

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் இருக்கிறேன். வாய் திறந்தால் உன் வேலை போகும், உன் தெருவே போகும். திறக்காவிட்டால் அந்தப் பொய்க்குக் கீழே என் பெயர் இருக்கிறது. நீயே சொல், அக்கா. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

~

ஜூன் 25

அன்புத் தம்பிக்கு,

நீ உண்மையை எழுதியதே எனக்குப் போதும். அதற்காகவே உனக்கு வயிறு நன்றாகிவிட வேண்டும்.

மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கார் காலண்டரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினார். பிறகு, "பாரம் ஏத்தும்போது லாரிக்காரன்கிட்ட யாரும் கேக்கறதில்ல. பிடிபட்டா மட்டும் வண்டி யாருதுன்னு கேப்பாங்க" என்றார்.

என்னைச் சொல்லச் சொல்கிறாயே, இது நியாயமா? அக்காவே முடிவு செய்தாள் என்று நாளைக்கு நீ நிம்மதியாக இருக்கலாம், அதுதானே? போகட்டும். சின்ன வயதில் உனக்குப் பரீட்சைக்குப் பேனாவைக்கூட நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன், இதையும் செய்கிறேன்.

சொல்லாதே.

உன் மனசாட்சிக்கு நான் குறுக்கே நிற்கக் கூடாதுதான். நிற்கிறேன். தெருவில் யார் முகத்தில் நான் விழிப்பேன்? தப்பு என்று எனக்கும் தெரியும். தினமும் கை கழுவும்போது தெரிகிறது. ஆனாலும் சொல்லாதே, தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

~

ஆகஸ்ட் 20

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீ இரண்டு மாதமாக எழுதவில்லை. அன்றைக்குத் திடீரென்று போன் செய்து, "வெள்ளிக்கிழமை குடோன்ல படம் எடுக்க வர்றாங்க, நீ லீவு போட்டுடு" என்று சொல்லி வைத்துவிட்டாய். எடுப்பது உங்கள் புது காருக்கான படம் என்று விசில் சொல்லித்தான் தெரியும். லீவு கேட்டேன். "குழுத் தலைவியே இல்லைன்னா எப்படிக்கா?" என்றான் விசில். முதலாளி வேறு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். என்ன காரணம் சொல்லிக் கிளம்புவது?

குடை பிடித்த விளக்கு, தண்டவாளத்தில் ஓடும் கேமரா என்று ஒரு படையே வந்தது. டைரக்டர் சின்னப் பையன். எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் காட்டி, "இந்த அம்மா முகம்தான் வேணும், உழைச்ச முகம்" என்றான். சிரிப்பு விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாட்டில் குவியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இன்னும் கொஞ்சம் அழுக்கா இருந்தா நல்லா இருக்குமே" என்றான். எங்களுக்கு ஒருவரை ஒருவர் பார்க்கவே பயமாக இருந்தது. விசில் என் காதில், "எறும்பு மொய்க்கற குவியலை எடுத்துட்டு வாங்கக்கா" என்றான். எடுத்து வந்தோம். அந்தப் பையன் மண்ணில் குப்புறப் படுத்து எறும்பைப் படம் பிடித்தான். "எவ்வளவு நிஜம்!" என்று அவன் சொன்னபோது தையல்காரி உள்ளே ஓடிவிட்டாள்.

பிறகு எனக்கு ஒரு வரி சொல்லிக் கொடுத்தார்கள். பார்த்தால் உன் வரி. குப்பைமேடு, மறுபிறவி. "சிரிச்சுக்கிட்டே சொல்லுங்கம்மா" என்றான். முதல் தடவை நாக்கு குழறியது. பல தடவை சொல்ல வைத்தார்கள். கடைசியில் நன்றாகவே சொன்னேன் என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

நீ எழுதியதை நான் சொன்னேன். நம் இரண்டு பேருக்கும் இப்போது கணக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கோபமில்லை. ஒரு வரி எழுது.

அக்கா

~

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கை கூசுகிறது. குடோனைப் பூட்டிவிட்டார்கள் என்று தெரியும். பூட்டச் சொன்ன கடிதம் எங்கள் ஆபீஸ் மாடியிலிருந்துதான் போனது.

என்ன நடந்தது என்று நீ என் வாயால் கேட்க வேண்டும். கார் அறிமுக விழாவில் படம் போட்டார்கள். சுவர் அளவுக்கு உன் முகம். நீ அந்த வரியைச் சொன்னபோது மொத்த மண்டபமும் எழுந்து நின்று கை தட்டியது. பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து 'அது என் அக்கா' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

மறுவாரம் இணையத்தில் யாரோ ஒருவர், அந்த எறும்புக் காட்சியை நிறுத்திவைத்து ஒரு கேள்வி கேட்டார். 'தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் மூடியின் அடியிலிருக்கும் வளையம் அறுந்து பாட்டில் கழுத்திலேயே தங்கிவிடும். இங்கே நூற்றுக்கணக்கான பாட்டில் கிடக்கிறது, ஒன்றின் கழுத்தில்கூட வளையம் இல்லையே, ஏன்?' அவ்வளவுதான். அழுக்கைப் பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள், அக்கா. கழுத்தை யாரும் பார்க்கவில்லை. நானும் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஊர் வாயை யார் மூடுவது? கம்பெனி ஒரு மறுப்பு வெளியிட வேண்டும், எழுதிக் கொடு என்றார்கள். எழுதினேன். 'வெளி ஒப்பந்ததாரர் ஒருவர் எங்கள் கவனத்துக்கு வராமல் செய்த மோசடி' என்று எழுதினேன். வக்கீல்கள் அதில் 'அங்கிருந்த தொழிலாளர் குழுவின் துணையோடு' என்று சேர்த்தார்கள். நான் அடித்தேன். மறுபடி சேர்த்தார்கள். மறுபடி அடித்தேன். "உனக்கு என்ன இதுல இவ்வளவு அக்கறை?" என்று மேடம் கேட்டார். மூன்றாவது முறை அடிக்கவில்லை.

பேப்பரில் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் உன் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். எனக்கு வேறு படம் கொடுக்க அதிகாரமில்லை. அழுகிறேன் என்று எழுதினால் உனக்கு என்ன பிரயோஜனம்? ஆனாலும் அழுகிறேன்.

தம்பி

~

நவம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பு தேவலையா? மாமா தடியை ஊன்றிக் கடை வரைக்கும் போய் வருகிறார். என்னைப் போக விடுவதில்லை. போனால் கடைக்காரன் படம் பிடிக்கப் போனை எடுத்து, "எறும்பு அக்கா, ஒரு தடவை அந்த வசனத்தைச் சொல்லுங்க" என்கிறான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது நடந்துவிட்டது. உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் பெயரை எடுத்தாலே மாமாமேல் எரிந்து விழுந்தேன். பிறகு போய்விட்டது. நீ மூன்றாவது தடவை அடித்திருந்தால் உன்னையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பார்கள். இரண்டு பேரும் தெருவில் நின்று என்ன செய்வது?

பூட்டிய முதல் வாரம் வாசலில் வந்து நின்று எல்லாரும் திட்டினார்கள். சிரிப்பு திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது சேதி கேள். போன வாரம் குடோனைத் திறந்துவிட்டார்கள். அதே கொட்டகை, அதே முதலாளி, போர்டில் மட்டும் அவர் மனைவி பெயர். எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார், என்னைத் தவிர. போய்க் கேட்டேன். "உங்க முகம் ஊருக்கே தெரிஞ்சு போச்சும்மா. உங்களை உள்ள விட்டா என் பொழப்பு போயிடும். கம்பெனிக்காரங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே சேத்துக்கறேன்" என்றார். அதே லாரிதான் வருகிறது. இப்போது ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஒரு வளையத்தை மாட்டிவிட்டுத்தான் அழுக்காக்குகிறார்களாம். தையல்காரி சொன்னாள். துணி எங்கே போகிறது என்று கேட்டேன். அதே மில், அதே கார்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். யாரையும் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. நீ அதற்கு ஆளும் இல்லை, நானும் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீ ஒரே ஒரு முறை இங்கே வா. முதலாளியிடம், 'அவங்க மேல தப்பு இல்ல, வேலைக்கு வரலாம்' என்று ஒரு வார்த்தை சொல். கம்பெனி ஆள் சொன்னால் அவர் கேட்பார். துணிக்கடையில்கூட என் முகத்தைப் பார்த்ததும் ஆள் எடுத்தாகிவிட்டது என்றுவிட்டார்கள். வேறு எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை. வருவாயா?

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா

~

டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே டீச்சர் நலம். நானும் நலம் என்றே வைத்துக்கொள். உன் கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்தேன்.

வருகிறேன், அக்கா. ஆனால் நீ கூப்பிட்டதற்காக வரவில்லை. புதுப் பெயரில் இருக்கும் குடோனைப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க என்னையும் வக்கீல் ஆபீஸ் ஆள் ஒருவரையும் அனுப்புகிறார்கள். "நீ முன்னாடியே பாத்த இடம்தானே" என்றார் மேடம். பாட்டில்களின் கழுத்தைப் பார்ப்போம். வளையம் இருக்கும். எழுதிக் கொடுத்துவிடுவோம்.

அந்தப் படத்துக்குப் பிறகு ஒரு புது விதி வந்திருக்கிறது. சரக்கு வாங்குகிற ஊரில் நமக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் போவதற்கு முன்பே எழுதித் தர வேண்டும். அக்கா என்று எழுதினால், எந்த அக்கா என்று கேட்பார்கள். தெரிந்துவிட்டால், உனக்கு எப்போதிலிருந்து இது தெரியும் என்று கேட்பார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முதலாளியிடம் உன்னைப் பற்றி என்னால் பேச முடியாது. அவர் வாயிலிருந்து உன் பேச்சு வராமல் இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் வருகிறோம். குடோனுக்கு உன் தெரு வழியாகத்தான் போக வேண்டும். என்னோடு வருகிறவர் அந்தப் படத்தைப் பல முறை பார்த்தவர், உன்னைக் கண்டதும் தெரிந்துகொள்வார். நீ என்னைப் பார்த்தால் கூப்பிடாமல் இருக்க மாட்டாய். அன்றைக்குக் காலையில் மட்டும் வாசலுக்கு வராதே, அக்கா.

உன் தம்பி